புக்கிட் தீமாவில் கல்லைக் காட்டுவது எப்படி

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்கப் பாதைக்காகத் துளைபோட்டு எடுக்கும் பாறைத் துண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, படமெடுத்துக் குறித்துவைப்பது என் வாரநாள் வேலை. சனிக்கிழமையானால் அதே பாறையைப் புக்கிட் தீமா மலைக்காட்டில் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். சம்பளம் கிடையாது. நிலவியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் “எப்படிக்கா உள்ளே போனீங்க?” என்று கேட்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்கு இளம் அறிவியலாளர்களை அனுப்பவே திட்டம் உண்டு. அங்கே நிலவியல் படித்தவர் பூங்காவில் ஆய்வும் செய்யலாம், வருகிறவர்களுக்கு விளக்கமும் சொல்லலாம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே தேடாதீர்கள். சட்டம் ‘தேசியப் பூங்கா’ என்று சொல்வது ஃபோர்ட் கேனிங்கையும் தாவரவியல் பூங்காவையும் மட்டும்தான். புக்கிட் தீமாவும் லாப்ரடாரும் இயற்கை வனப்பகுதிகள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். அங்கே நமக்கான வாசல் தொண்டூழிய வழிகாட்டி வேலை. பாறைக்கென்று தனி வாசல் இருக்கும் என்று தேடி நான் ஆறு மாதம் வீணாக்கினேன்.

ஆகவே மரமும் பறவையும் படியுங்கள். செராயா எது, தெம்புசு எது என்று தெரியாத வழிகாட்டியை யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நாள் மூத்த வழிகாட்டிகளின் பின்னால் நடந்துவிட்டு, அப்புறம் கல்லை நடுநடுவே நுழைக்கலாம்.

என் முதல் நடையில் நான் செய்தது நேர் எதிர். ஃபெல்ட்ஸ்பார், பிளாஜியோகிளேஸ் என்று கனிமப் பெயர்களாக இருபது நிமிடம் பேசினேன். குரங்கு ஒன்று வந்து ஒரு பையனின் பிஸ்கட் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனது. அன்றைக்குப் பிள்ளைகள் நினைவில் வைத்தது குரங்கை மட்டும்தான்.

இப்போது பையில் இரண்டு பொருள் எடுத்துப்போகிறேன்: கொஞ்சம் கற்கண்டு, கொஞ்சம் சீனி. இரண்டும் ஒரே பொருள்தானே, ஒன்று ஏன் பெரிய பெரிய படிகமாக இருக்கிறது? மெதுவாக வளர்ந்ததால். புக்கிட் தீமா கிரானைட்டும் அப்படித்தான், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலத்தின் ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறி இறுகியது. இதைச் சொல்லிவிட்டுப் பாறையருகே கூட்டிப்போனால், பளபளக்கும் கறுப்புத் துணுக்கை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். அது மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்போம். அந்தப் பெயரைச் சொன்னால் தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்ததில்லை.

மழை பெய்த மறுநாள் இன்னும் நல்லது. பாதையோரச் செம்மண்ணை விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். வழவழப்பு, கிரானைட்டில் இருந்த ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிப்போனதால் வந்தது. நறநறவென்று உறுத்துவது அதே கல்லின் இன்னொரு கனிமமான குவார்ட்ஸ், அது மட்டும் கரையாமல் நிற்கிறது. மலை உச்சியில் 163.63 மீட்டர் என்று பொறித்த பெரிய கல் அருகே எல்லாரும் படமெடுப்பார்கள். நானோ மலை எப்படி மண்ணாகிறது என்பதைக் கீழேயே சொல்லி முடித்துவிடுவேன். ஏறி மூச்சு வாங்குகிறவர்களிடம் என்ன பாடம்!

புக்கிட் பாத்தோக்கின் லிட்டில் குய்லினுக்கும் போங்கள். சீனாவின் குய்லின் சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்குப் பெயர் பெற்றது. இங்கே சுண்ணாம்புக்கல் மருந்துக்கும் இல்லை, பழைய கல்குவாரி அது. பாறையும் புக்கிட் தீமாவுடையதைவிடக் கறுப்பு. சாம்பல் நிறக் கிரானைட்டைப் பார்த்து “இது ஏன் கருங்கல்?” என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டினால் போதும். லாப்ரடாரில் படிவுப் பாறை, கடலோரச் செங்குத்துச் சரிவாக நிற்கிறது. ஒரே மாதத்தில் மூன்றையும் பார்த்த வகுப்புக்கு அப்புறம் நான் அதிகம் பேசத் தேவையிருப்பதில்லை.

சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பூங்காவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. ஆய்வுக்கு மாதிரி வேண்டுமானால் கழகத்திடம் முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்க வேண்டும். தொட்டுப் பார்க்க ஏதாவது தேவை என்றால் சமையலறை இடிகல்லைக் கொண்டுபோங்கள். என்னுடையது திருச்சியிலிருந்து வந்தது, கனம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப்போவதென்றால் சாங்கி முனையில் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். காத்திருக்கும் நேரத்தில் உபின் கல்லின் கதையை ஆரம்பித்துவிடலாம்: மலேசியாவுக்குப் போகும், 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கும், அதற்கும் முன்னால் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் அந்தத் தீவிலிருந்து கல் போனது. வார இறுதியில் படகு சீக்கிரம் நிரம்பிவிடும், கலங்கரை விளக்கத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.