தும்புத்தடியோடு ஆங்கிலம்

திருகோணமலைக் கடற்கரையோரம், உப்புவெளிப் பக்கம் வீடு என்றால் தெரியும், காலையில் கூட்டின வீட்டுக்குள் மத்தியானம் மறுபடி மணல். அந்த மணலைக் கூட்டும்போதே ஆங்கிலம் படிக்கலாம். கை செய்வதை வாய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்: ‘ஐ ஆம் ஸ்வீப்பிங் த ஃப்ளோர்.’ முடிந்ததும், ‘ஐ ஹாவ் ஸ்வெப்ட் த ஃப்ளோர்.’ இலக்கணம் தானாக வந்துவிடும்.

சொற்களைத் தனித்தனியாகப் பாடமாக்காதீர்கள். குசினியில் சட்டியை முதலில் ஊறப் போடுகிறோம், அது ‘சோக்’. அடிப்பிடித்ததைத் தேய்ப்பது ‘ஸ்க்ரப்’. சவர்க்கார நுரை போக நல்ல தண்ணீரில் அலசுவது ‘ரின்ஸ்’. துணியால் துடைத்து ஈரம் போக்குவது ‘ட்ரை’. நாம் பொதுவாகக் ‘கழுவுறன்’ என்று முடித்துவிடும் ஒரே வேலைக்குள் நாலு சொல் இருக்கிறது. ஒரு சட்டி கழுவி முடிக்கையில் நாலும் மனதில் நிற்கும்.

‘டூ’, ‘மேக்’ இரண்டிலும்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பாத்திரம் கழுவுவது ‘டூ த டிஷஸ்’, உடுப்புத் தோய்ப்பது ‘டூ த லாண்ட்ரி’. ஆனால் படுக்கை விரித்துச் சரிசெய்வது ‘மேக் த பெட்’. கட்டில் செய்வதல்ல!

அப்புறம், மார்கழி மழையில் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க ஓடும்போது பிள்ளைகளிடம் சத்தமாகச் சொல்லுங்கள்: ‘பிரிங் இன் த வாஷிங்!’ அவசரத்தில் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.