உப்புக் காற்றில் மீன் சுட: திருகோணமலைக்கு ஏற்ற அடுப்பும் கரியும்

கரைவலை இழுத்து முடிந்த கையோடு பொச்சுமட்டையையும் காய்ந்த ஓலையையும் கூட்டிப் பற்றவைத்து, பாரையைச் செதிலோடு தணலில் போட்டுப் புரட்டி எடுத்து, கருகிய தோலை உரித்துவிட்டு உப்பும் தேசிக்காய்ப் புளியும் தொட்டுத் தின்பதற்குத் திருகோணமலையில் யாருக்கும் பாடம் தேவையில்லை. செதில் கவசமாக நிற்கும், சதை தன் ஈரத்திலேயே வேகும். தடுமாற்றம் வருவது கடைக்குப் போய் ‘பார்பிகியு’ அடுப்பு வாங்கும்போதுதான். உள்நாட்டு ஊரில் பத்து வருடம் நிற்கும் அடுப்பு, டச்சுக்குடாவிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த முற்றத்தில் இரண்டு மாரி தாங்காது. ஆகவே விலையையும் பளபளப்பையும் பார்க்குமுன் உப்பை நினையுங்கள், அடுத்து காற்றை.

முதலில் பார்க்க வேண்டியது கம்பித்தட்டு. மீன் தொடும் இடம் அது. மலிவு அடுப்புகளில் குரோமியம் பூசிய மெல்லிய கம்பி வரும். பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் அதன் அடியில் துரு ஓடும். பிறகு மீனோடு பூச்சின் செதிளும் சேர்ந்து வரும். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தடவ மறக்காதவருக்கு மட்டுமே அது சரி. இந்தக் கரைக்கு ஏற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளைக் கம்பி: 6 மில்லிமீற்றர் தடிப்பு, கம்பிக்குக் கம்பி 12 மில்லிமீற்றர் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் கணவாயும் றாலும் தணலுக்குள் போகும். உருக்கின் தர எண் 304 போதும், கடலுக்கு மிக அருகே என்றால் 316. கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கள். இறுக்கமாக ஒட்டினால் அது 304 அல்ல. ஒட்டவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது, மலிவான 200 வரிசை உருக்கும் காந்தத்தில் ஒட்டாது. தர எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜீ.ஐ. வலையை வெட்டித் தட்டாகப் போடுவது பலர் செய்யும் பிழை. அதில் பூசியிருப்பது நாகம், அதாவது துத்தநாகம். அது 419 பாகை செல்சியஸில் உருகும். காற்று ஊதிய கரித் தணல் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். வரும் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். கோழிக்கூட்டு வலை கோழிக்கூட்டிலேயே இருக்கட்டும்.

மூடியுள்ள வட்ட அடுப்புக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. 1952இல் சிகாகோ பக்கம் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை செய்த இரும்புப் பட்டறையில் கடல் மிதவைக்காகச் செய்த அரைக்கோளங்களைக் கொண்டே முதலாவதைச் செய்தார். காற்றுக்கு அணையாமல் சுடுவதுதான் அவருடைய தேவையும். துறைமுக ஊருக்கு அந்த வடிவம் பொருந்துவதில் வியப்பில்லை.

ஆனால் பத்துப் பதினைந்து பேருக்குச் சுடுகிற குடும்பத்துக்கு வெல்டிங் கடையில் செய்விக்கும் பரல் அடுப்பை மிஞ்ச எதுவும் இல்லை. 200 லீற்றர் பரலை நெடுக்காகப் பிளந்தால் இரண்டு அடுப்பு. சமையல் எண்ணெய் வந்த பரலைத் தேடுங்கள். பெற்றோல், தின்னர், பூச்சிமருந்து இருந்தது வேண்டாம். எதுவானாலும் வெட்டுமுன் கழுவி, வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். வெறும் பரலில் தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும், வெல்டிங் கடைகளில் இதனால் உயிர் போவதும் உண்டு. வெட்டிய பின் உள்ளே விறகு போட்டு ஒரு மணித்தியாலம் முழுச் சூட்டில் எரித்து, உட்பூச்சும் வெளி வண்ணமும் சாம்பலானதும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாத அடுப்பில் முதல் நான்கைந்து தடவை மீன் பெயின்ற் மணக்கும்.

அடியில் ஒரு பக்கம் மட்டும் 25 மில்லிமீற்றர் விட்டத்தில் ஆறு துளை போடுங்கள். அந்தப் பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பலாம், வேண்டாதபோது எதிர்ப்பக்கம் திருப்பலாம். கரி நேரே அடியில் கிடந்தால் சாம்பல் துளையை அடைத்து அரை மணித்தியாலத்தில் தணல் செத்துவிடும். ஆகவே அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் உயர்த்தி ஒரு துளைத்தகடு. கரியின் மேற்பரப்புக்கும் கம்பித்தட்டுக்கும் 10 முதல் 15 சென்ரிமீற்றர். தட்டை ஏற்றி இறக்க இரு பக்கமும் மூன்று கொக்கி வைத்தால் சூட்டைக் கையாளும் வேலையில் பாதி முடிந்தது. கால் உயரம், தட்டு உங்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும்படி.

இரண்டு கம்பித்தட்டாகச் செய்விப்பது நல்லது. பக்கத்து வீட்டில் ஹலால் பார்ப்பவர் இருப்பார், உங்கள் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் இருப்பார். தட்டைத் தனியாக வைத்தால் விருந்தில் யாரும் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

காஸ் அடுப்பு பற்றி அதிகம் சொல்ல இல்லை. வசதிதான். ஆனால் உப்புக் காற்றில் பர்னர் துளைகள் அடைபடும், மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் குத்த வேண்டும். பிறகு, சிரட்டைக் கரியின் மணம் வராது.

கரி என்றால் சிரட்டைக் கரி. கெட்டியானது, மெதுவாகப் பிடிக்கும், பிடித்தால் நின்று எரியும், பொறி குறைவு. நல்ல கரியைக் கல்லில் போட்டால் உலோகம் போலக் கிணுங்கும், உடைத்த இடம் மினுங்கும். பழுப்பு நிறம் தெரிந்தால் அரைவேக்காடு, புகைந்து மீனைக் கசப்பாக்கும். கடலில் அடித்து வந்த கட்டையும் பழைய வள்ளத்துப் பலகையும் வேண்டாம். ஒன்றில் உப்பு ஊறியிருக்கும், மற்றதில் வண்ணமும் தாரும். கண்டல் மரம் வெட்டவே கூடாது.

இரண்டு பெரிய மீனுக்கு, அதாவது அரைப் பரலின் பாதிப் பரப்புக்கு, 2 முதல் 2½ கிலோ கரி போதும். அடியில் துளையிட்ட உயரமான தகர டின்னில் நிரப்பி, கீழே பொச்சைக் கொளுத்தினால் 25, 30 நிமிடத்தில் மேல்கரியில் சாம்பல் படியும். அதற்குமுன் மீனை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் மணம் போகாது. எரிகிற கரியில் ஊற்றினால் சுவாலை போத்தலுக்கே ஏறும். தணலை ஒரு பக்கம் குவித்து மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். தட்டுக்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்து எண்ணுங்கள்: இரண்டு, மூன்றில் கையை எடுக்க நேர்ந்தால் அது கணவாய்க்கான சூடு. ஐந்து, ஆறு வரை பொறுக்க முடிந்தால் முழுமீனுக்கான சூடு.

இனிக் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது தரைப்பக்கமிருந்து வரும் அந்த வறண்ட காற்று கரியை இரண்டு மடங்கு வேகத்தில் தின்னும், ஒரு மூலை வெண்சூடாகும், மறுமூலை சாகும். துளைப்பக்கத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி, காற்று வரும் பக்கம் தகரம் நிறுத்துங்கள். கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் காற்றுக்கீழாக அடுப்பு இருக்க வேண்டும், பொறி அவற்றை நோக்கிப் பறக்கக் கூடாது. மழை வந்தால் தணலோடு அடுப்பை அறைக்குள் இழுக்க வேண்டாம். புகை தெரியாத தணலிலும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வரும், அதற்கு மணமில்லை.

மீனுக்கு வருவோம். பாரை, விளைமீன், கலவாய் மூன்றும் தணலுக்கென்றே பிறந்தவை. சூரையும் அறுக்குளாவும் ஐஸில் இருந்ததா என்று பார்த்தே வாங்குங்கள். வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும், எவ்வளவு சுட்டாலும் அது அழியாது. முகம் சிவந்து உடம்பு கடிப்பது அதனால்தான்.

மசாலா பூசிச் சுடுவதென்றால் செதில் நீக்கி, 3 சென்ரிமீற்றருக்கு ஒரு கீறலாக முள்வரை கீறுங்கள். ஒரு கிலோ மீனுக்கு 15 கிராம் உப்பு, 2 தேக்கரண்டி இடித்த செத்தல் மிளகாய், 1 தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், 8 பல்லு உள்ளி, ஒரு விரல்துண்டு இஞ்சி, 1 மேசைக்கரண்டி எண்ணெய். தேசிக்காயை இதில் பிழிந்து மணிக்கணக்கில் ஊறவைப்பதால்தான் சதை சுண்ணாம்பு போல உதிர்கிறது. இறக்கிய பின் பிழியுங்கள்.

மீன் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். தட்டு நன்றாகச் சுட வேண்டும், அரை வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்க்க வேண்டும், மீனின் தோல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். வைத்த பின் தொடாதீர்கள். தோல் பொரிந்ததும் தானாக விடும். 4 சென்ரிமீற்றர் தடித்த மீனுக்குப் பக்கத்துக்கு எட்டு நிமிடம். எண்ணெய் சொட்டிச் சுவாலை எழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் பறந்து மீனில் ஒட்டும். வெறும்பக்கம் நகர்த்துங்கள். நடுமுள்ளின் பக்கச் சதை கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாகி முள்ளை விட்டால் வெந்தது, வெப்பமானியில் 63 பாகை. கணவாய் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், அதற்குமேல் றப்பர். கோழித்தொடை வெறும்பக்கத்தில் மூடியோடு 35, 40 நிமிடம், 74 பாகை வரும்வரை.

கடற்கரையில் சுட்டால் தணலை மணலில் புதைக்காதீர்கள். மணல் சூட்டை மணிக்கணக்கில் காத்து வைக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைதான் கண்டுபிடிக்கும். வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஆறியதை அள்ளிக்கொண்டு வாருங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே அடுப்போடு போகும் எண்ணம் வேண்டாம்.

வீட்டில், சாம்பலை மறுநாளே வாரிவிடுங்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி உப்போடு சேர்ந்து பரலின் அடியை அரிக்கும், துளை விழுவது எப்போதும் அங்கேதான். தட்டை இளஞ்சூட்டில் பொச்சால் தேய்த்தால் போதும். கம்பித் தூரிகையின் முறிந்த மயிர் மீனில் சிக்கித் தொண்டைக்குப் போகும். ஐப்பசி மழைக்கு முன் அடுப்பை நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, துணியில் தொட்ட எண்ணெயை மெல்லிசாகப் பூசி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கரி, மூடி போட்ட வாளிக்குள் போகட்டும்.