இடிக்குப் பிறகு எழாத மதர்போர்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழை வந்தால் இடியும் கூடவே வரும். அப்படியொரு மழைக்கு மறுநாள், செம்பனைத் தோட்டத்து அண்ணன் ஒருவர் மகளின் கணினியோடு வந்தார். "தம்பி, விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. கடையில் புதுப் போர்டு வாங்கச் சொல்கிறார்கள்."

அந்த அரைச் சுற்று நல்ல தடயம். எங்கோ ஷார்ட் (மின்சாரம் குறுக்குவழியில் பாய்வது) இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள இப்படித்தான் நின்றுவிடும். அதைத் தனியே கழற்றி, பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து இயக்கிப் பார்த்தேன். மஞ்சளில் 12.1 வோல்ட், சிவப்பில் 5. பழுது அதில் இல்லை.

மல்டிமீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளவில் வைத்து, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன்: 0.2. இதைக் கழிக்காமல் அளப்பது வீண் வேலை. பிறகு ப்ராசசருக்கு மின்சாரம் போகும் 12 வோல்ட் சாக்கெட்டில் அளந்தேன்: கிரவுண்டுக்கு (மின்சாரம் திரும்பும் பொதுத் தடம்) 0.4. கழித்தால் மிஞ்சுவது 0.2 தான், அது ஷார்ட். ப்ராசசரைக் கழற்றிய பிறகும் அதேதான். (ப்ராசசர் இருக்கும்போது அதன் உள் மின்தடத்தில் ஓரிரு ஓம் காட்டுவது இயல்பு, அதையே ஷார்ட் என்று நம்பி நல்ல போர்டைக் குப்பையில் போடுபவர்கள் உண்டு.)

மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள் நன்றாகவே இருந்தன. அந்த 12 வோல்ட் தடத்தில் 1 வோல்ட்டை மட்டும் செலுத்தி, மேலே ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தடவினேன்; ஷார்ட் ஆன பாகம் சூடாகி அதைச் சீக்கிரம் உலர்த்தும். போர்டு முழுவதும் ஈரமாக மின்ன, அரிசிக் குருணையளவு செராமிக் கப்பாசிட்டர் ஒன்றைச் சுற்றி மட்டும் சட்டென்று உலர்ந்தது. அதை எடுத்ததும் அளவு கிலோ ஓமுக்கு ஏறியது, ஷார்ட் போய்விட்டது. பழைய போர்டிலிருந்து அதே மதிப்புள்ள ஒன்றைப் பற்றவைத்தேன்.

அண்ணனுக்கு என் யோசனை ஒன்றுதான்: மழை இருட்டினால் மின்செருகியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள்.