ஒரு காடை இறகு, ஒரு முழம் பட்டு: யார்க்‌ஷயர் ட்ரவுட் ஃப்ளையைக் கட்டும் முறை, காக்கும் முறை

தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, ஆற்றோட்டத்தில் வரும் பூச்சி போலக் காட்டி ட்ரவுட் மீனைப் பிடிக்கும் பொருளுக்கு ஃப்ளை என்று பெயர். ஆற்றுக்கு ஆறு கட்டு மாறும். ஜப்பான் மலையோடைகளின் சகாசா கெபாரி என்ற ஃப்ளையில் இறகு முன்னோக்கி விரியும். ஸ்பெயினின் லியோன் பகுதியில், எந்தச் சேவலின் இறகு, எந்த நிறப் பட்டு என்பதை 1624-லேயே கையெழுத்துப் பிரதியாக எழுதிவைத்தார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பட்டு, ஓர் இறகு, அவ்வளவுதான். அந்த வகையில் பேர்போனது ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’. கவுதாரியும் ஆரஞ்சும், பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

ட்ரவுட் குளிர்நீர் மீன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் என்றால் நீலகிரிதான், அங்கும் அனுமதி வாங்கித்தான் தூண்டில் போட வேண்டும். ஆனால் கட்டப் பழகுவதற்கு ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் போதும்.

சாமான்கள்

முள்: 14ஆம் நம்பர். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடல் மீனுக்கான வெள்ளைப் பூச்சு முள்ளைத் தராமல், கருப்பழுப்பு முள்ளாகத் தரச் சொல்லுங்கள். நனைந்த பட்டு கண்ணாடி போல ஆகிவிடும். வெள்ளைத் தண்டு உள்ளிருந்து மின்னி நிறத்தையே மாற்றிவிடும். வெள்ளை முள்தான் கிடைத்தது என்றால் தண்டில் கறுப்பு மார்க்கர் பூசிக் காயவிடுங்கள்.

பட்டு: ஆரி வேலைச் சாமான் கடையில் ‘சில்க் நூல்’ என்று கேட்டால் பெரும்பாலும் ரேயான்தான் தருவார்கள். ஒரு விரற்கடை கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, கரி விரலில் பொடியானால் அசல் பட்டு. காகிதம் போல எரிந்தால் ரேயான், ஈரத்தில் வலுவிழந்துவிடும். உருகிக் குண்டுமணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். பட்டு பல இழையாக இருந்தால் பிரித்து, தையல் நூலைவிட மெல்லிசாக ஓர் இழை எடுங்கள். ஒரு முழம் நீளம் தாராளம்.

இறகு: கவுதாரியை நாடாதீர்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை. பண்ணைக் காடை அதற்கு அருமையான மாற்று. கறிக்கடையில் காடையைத் தோலோடு உரித்துத்தான் தருவார்கள். அந்தத் தோலைக் கேட்டு வாங்கி, பிடரியிலும் முதுகிலும் உள்ள புள்ளிபோட்ட பழுப்பு இறகுகளை அன்றைக்கே பறித்துவிடுங்கள். வெந்நீரில் முக்கிய இறகு வேண்டாம், வளைவு கெட்டிருக்கும். சீயக்காய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இவற்றோடு முள்ளை இறுக்கிப் பிடிக்கச் சிறு வைஸ் ஒன்று (பொற்கொல்லர் கைவைஸைப் பலகையில் பொருத்தினாலும் சரி), கூர்மையான சிறு கத்தரி, தேன்மெழுகு.

கட்டுவோம்

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். கை வேர்த்தால் ஒரு துணியை மடியில் போட்டு அடிக்கடி துடையுங்கள். வியர்வை பட்ட ஆரஞ்சு அழுக்கேறி மங்கும்.

1. முள்ளின் எதிர்முள்ளை (முனைக்கருகில் பின்னோக்கி நீட்டியிருக்கும் கொக்கியை) குறடால் நசுக்குங்கள். வளைவை வைஸில் பிடித்து, தண்டு தரைக்கு மட்டமாக இருக்கட்டும்.

2. பட்டை மெழுகின் மேல் இரண்டு முறை இழுங்கள். முள்ளின் கண்ணுக்கு (நூல் கோக்கும் துளைக்கு) பின்னால் ஒன்றரை மி.மீ. விட்டு, நூலின் வால்மேலேயே ஐந்து சுற்று சுற்றி வாலை நறுக்குங்கள். அந்த ஒன்றரை மி.மீ.யை விடாததுதான் புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு. கடைசியில் முடிச்சுக்கு இடமில்லாமல் கண் அடைத்துக்கொள்ளும், தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) நுழையாது.

3. இறகின் அடிப்பஞ்சை உருவி எடுங்கள். இறகின் இழை நீளம் முள்ளின் கண்ணிலிருந்து வளைவு வரை வந்தால் போதும். நீண்டால் ஓட்டத்தில் இழைகள் முள்ளோடு ஒட்டிக்கொள்ளும், துடிப்பு இருக்காது. இறகின் நுனி கண்ணைத் தாண்டி முன்னே நீட்டியிருக்க, பளபளப்பான பக்கம் கீழே இருக்க, காம்பை நான்கு சுற்றில் கட்டுங்கள். இறகைச் செங்குத்தாகத் தூக்கிப் பார்த்தால் பளபளப்பு முள்ளின் கண்ணைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இழைகள் பின்னோக்கிக் கவியும்.

4. இனி உடல். பட்டை ஒன்றோடொன்று ஒட்டிய சுற்றாகப் பின்னே கொண்டுபோங்கள். முள்முனைக்கு நேர்மேலே வந்ததும் நிறுத்தி, அதே போல் முன்னே திரும்புங்கள். மொத்தம் இரண்டே அடுக்கு. பட்டு முறுக்கேறினால் கயிறு போல வரிவரியாகத் தெரியும். நூலைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கம் சுழற்றினால் தட்டையாகிவிடும். வளைவு வரை உடலை இழுக்காதீர்கள். யார்க்‌ஷயர் கட்டின் அழகே அந்தக் குட்டை உடலில்தான் இருக்கிறது.

5. இறகை நுனியில் பிடித்து, உடலை நோக்கி இரண்டு சுற்று. மூன்றாவது வேண்டாம். கை துறுதுறுக்கும், ஆனாலும் வேண்டாம்: அடர்ந்த இறகு நீரில் மிதந்து அடம்பிடிக்கும், இது நீருக்குள் போக வேண்டிய ஃப்ளை. நுனியை இரண்டு சுற்றில் பிடித்து, பட்டை இழைகளின் ஊடே அசைத்து அசைத்து முன்னே கொண்டுவாருங்கள். நூல் காம்பைக் குறுக்கே அழுத்துவதால், மீனின் பல் பட்டாலும் இறகு சட்டென அவிழாது.

6. முடிச்சு. முள்ளுக்குத் தங்கூசி சுற்றிக் கட்டத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. பட்டை வளையமாக்கி, நுனிப்பக்கம் தண்டோடு படிந்திருக்க, வளையத்தால் அதன்மேல் நான்கு சுற்று போட்டு நுனியை இழுங்கள். தலையில் மட்டும் ஒரு துளி நிறமற்ற நெயில் பாலிஷ்.

ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு மங்கிச் செம்பழுப்பாகும். இழைகள் பிரிந்து மெல்ல அசையும். மீன் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

காப்பது எப்படி

கட்டி முடித்த ஒன்றை மட்டும் வைத்தால், இருபது வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. ஆகவே நான்கு முள் கட்டுங்கள்: இறகு கட்டியதோடு ஒன்று, உடல் முடிந்ததோடு ஒன்று, இறகு சுற்றியதோடு ஒன்று, முழுதாக ஒன்று. ஒரு கெட்டி அட்டையில் வரிசையாகக் குத்தி, அருகில் சுற்றாத பட்டு ஒரு விரல் நீளம், கட்டாத இறகு ஒன்று. முள்ளின் எண், சுற்றுக் கணக்கு, உலர்ந்த நிறம், நனைந்த நிறம் எல்லாம் எழுதுங்கள். மெழுகின் பெயரும் அவசியம்: செருப்பு தைப்பவர்களின் கருமெழுகு பூசினால் அதே பட்டு ஒரு சாயல் கறுத்துவிடும்.

மாற்றுப் பொருளை மறைக்காதீர்கள். ‘மூலம்: கவுதாரி. இங்கே: பண்ணைக் காடை, பிடரி இறகு’ என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாத மாற்று, நாளடைவில் மூலமாகவே நின்றுவிடும்.

நம் ஊர் உப்புக்காற்றில் முள் சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு பட்டில் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இறகுகளைத் தனி ஜிப் கவரில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, இரண்டு நாள் வெளியே விட்டு, மறுபடி ஒரு வாரம் வைத்தால் பூச்சி முட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் டப்பாவைத் திறந்து முள்ளின் கண்ணைப் பாருங்கள். துரு முதலில் தெரிவது அங்கேதான்.