தக்காளித் தோல் சொரசொரக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வீட்டு வளவில் காய்த்த தக்காளி மினுக்கம் இழந்து சொரசொரத்துப் போனதைக் கண்டதும் கிருமிநாசினிக் கடைக்குப் போவதே நம்மில் பலர் செய்யும் முதல் தவறாகும். பழத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மங்கல் துணியோடு வந்துவிட்டால் அது தோலின் குறையன்று. தெருப்புழுதியாகவோ, வாவிக்கரைக் கிணற்றின் உவர்த்தண்ணீரைப் பூவாளியால் செடியின் தலையில் ஊற்றியதால் படிந்த உப்பாகவோ இருக்கும். துடைத்தும் போகாவிட்டால் காம்பைச் சுற்றிப் பெருவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை போன்ற வட்டக் கோடுகள் தெரியும். தோல் வெடித்த இடத்தில் தக்கைபோல் இறுகிய தழும்புகள் அவை. மருந்து அடித்து அவற்றை அழிக்க முடியாது.

இத்தழும்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஒழுங்கற்ற நீர்ப்பாசனமே. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையின் களுதாவளை, தேற்றாத்தீவு போன்ற ஊர்களின் மணலில் தண்ணீர் நிற்பதில்லை. நீரின்றிக் காய்ந்து கிடக்கும் செடியின் காய்த்தோல் இறுகிவிடுகிறது; பின்னர் ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்ததும் உள்ளே சதை பருக்க, தோல் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடியாமல் வெடிக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கேசுவரர் கோயிலுக்குப் போய் உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்கித் திரும்பிய நான், வாடி நின்ற செடிகளைப் பார்த்த பதற்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். நிறம் திரும்பிக்கொண்டிருந்த காய்களில் அந்த வாரமே கோடுகள் விழுந்துவிட்டன. கோடையில் நாள்தோறும் காலையில் அளவாக அடியில் ஊற்றி, நான்கு விரற்கனத்துக்கு வைக்கோலோ சருகோ பரப்பிவைத்தால் ஈரம் ஒரு சீராக நிற்கும். கார்த்திகை, மார்கழி அடைமழையைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் காயின் அடியில் இளஞ்சிவப்பு தோன்றியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்கவைக்கலாம்.

பழத்துக்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளிவிடுவது அடுத்த தவறாகும். தக்காளி சிவப்பதற்குக் காயின் மேல் வெயில் பட வேண்டியதில்லை. சொல்லப்போனால், வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது சிவப்பு நிறமி உருவாவது குறைந்து பழம் மஞ்சள் கலந்து நிற்கும். கச்சான் எனப்படும் வரண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் இலைமறைவு இழந்த காயின் வெயில்பக்கம் வெளுத்து, தோற்பட்டைபோல் தடித்துவிடுகிறது. அக்காலத்தில் மேற்குப் பக்கமாக ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டுவதே போதுமானது.

பூச்சியே காரணமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. தண்டின் அடிப்பகுதி வெண்கல நிறமாகி, கீழிலைகள் முதலில் காய்ந்து, அந்தக் காய்ச்சல் மேல்நோக்கி ஏறி, காய்த்தோலும் பழுப்பேறிச் சொரசொரத்தால், ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் அளவேயான, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மைற்றா என்னும் சிற்றுண்ணியை ஐயுற வேண்டும். இதற்குக் கைக்கு அகப்பட்ட பூச்சிமருந்தை அடிப்பது வீண்செலவு மட்டுமன்று. மைற்றாவைத் தின்னும் நல்ல உயிரிகளையும் அது கொன்றுவிடக்கூடும். நனையும் கந்தகத் தூள் பயன்தரும்; எனினும் அதை உச்சிவெயிலில் தெளித்தால் இலையும் காயும் கருகும் என்பதால் வெப்பம் தணிந்த மாலையிலேயே தெளிக்க வேண்டும். கோடுகளாக அல்லாமல் சிரங்குபோல் மேலெழுந்த பழுப்புப் புள்ளிகள் காணப்பட்டால் அது பற்றீரியா நோயாக இருக்கலாம். தண்ணீர்த் தெறிப்பில் அது பரவுவதால், நனைந்த செடிகளுக்குள் கைவைத்து வேலை செய்யக்கூடாது. எதுவென்று பிடிபடாவிட்டால் இலையையும் காயையும் எடுத்துச்சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்; இலங்கை விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம்.

யூரியாவை அள்ளிப் போடுவதும் காயைத் திடீரெனப் பருக்கவைத்துத் தோலைக் கெடுக்கும்.

நல்ல நிலையில் பறித்த பழத்தையும் குளிர்சாதனப் பெட்டி மங்கச் செய்யலாம். பழுக்காத காயை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழும், நிறமும் ஒழுங்காக ஏறாது. சொரசொரத்த பழத்தின் சுவையில் குறையில்லை. அழுகலோ பூஞ்சணமோ இல்லாவிட்டால் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்துக் குழம்பில் சேர்க்கலாம். ஆனால் தழும்புகளின் வழியே நீர் விரைவாக வெளியேறி அப்பழங்கள் சுருங்கிவிடுவதால், கூடையிலிருந்து முதலில் எடுக்க வேண்டியவை அவைதாம்.