சர்வரைத் திட்டுவதற்கு முன்

காலை 9 மணி, கம்ப்யூட்டர் லேப். 40 மாணவர்கள் ஒரே நேரத்தில் பவர் பட்டனை அமுக்குகிறார்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது, 9.10 ஆகியும் நிற்கவில்லை. "சர்வர் பழசு சார், புதுசு வாங்கணும்" என்று ஒரு குரல் கிளம்பும். முதல் தவறு அதுதான். காசு அதிகம் பிடிக்கும் தவறும் அதுவே.

மதியம் லேப் காலியாக இருக்கும்போது ஒரே ஒரு கணினியை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் கூட்டத்தின் மேல் பழியில்லை. கணினி எதற்கோ காத்துக் கிடக்கிறது.

பெரும்பாலும் டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது பெயரைச் சொன்னால் ஐபி முகவரியைத் தேடித்தரும் சேவைக்கு. "நெட் கட் ஆகிவிடக் கூடாது" என்று இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8 போட்டு வைப்பார்கள். லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் எங்கே என்று விண்டோஸ் டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கும். உங்கள் லேப்புக்குள் இருக்கும் டொமைனைப் பற்றிக் கூகுளுக்கு என்ன தெரியும்? உள் டிஎன்எஸ் மட்டும் இருக்கட்டும். வெளி முகவரிகளை அதுவே ஃபார்வர்டர் (கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்குக் கடத்தும் அமைப்பு) வழியாகக் கேட்டுச் சொல்லிவிடும்.

அடுத்தது, கணினிகளின் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச். டேட்டா வட்டமடிக்கும் லூப்பைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீயில் போர்ட் உயிர்பெற்றதும் 15 விநாடி கவனிக்கும், 15 விநாடி கற்கும், பிறகுதான் டேட்டாவை விடும். எஸ்எஸ்டி போட்ட கணினியோ அதற்குள் லாகின் திரைக்கு வந்துவிடும், ஐபி இல்லாமலே. வேகமான டிஸ்க் போட்ட பிறகு "லாகின் ஆகவில்லை" என்ற புகார் வருவது இதனால்தான். கணினி செருகிய போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தாண்டவைக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான போர்ட்டில் வேண்டாம். லூப் விழுந்தால் லேப்பே படுத்துவிடும்.

மதியம் பறந்து, 9 மணிக்கு மட்டும் தவழ்ந்தால் ரோமிங் புரொஃபைலை, அதாவது மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்களும் செட்டிங்குகளும் சர்வரிலிருந்து இறங்கும் ஏற்பாட்டைச் சந்தேகியுங்கள். ஒரு மாணவர் டெஸ்க்டாப்பில் 2 ஜிபிக்குப் படம் வைத்திருக்கிறார். தினம் வேறு கணினியில் உட்கார்ந்தால் அத்தனையும் மறுபடி இறங்கும். 40 பேரும் அப்படியே என்றால் 80 ஜிபி. சர்வருக்கு 1 ஜிபிபிஎஸ் கேபிள் ஒன்றுதான் என்றால், முழு வேகத்திலும் 640 விநாடி, கிட்டத்தட்ட 11 நிமிடம். எந்தப் புது சர்வரும் இதைக் குறைக்காது. ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் வைத்து டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் சர்வரிலேயே இருக்க விடுங்கள்.

எல்லாக் கணினிகளுக்கும் சர்வரிலிருந்து செட்டிங்குகளை அனுப்பும் குரூப் பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கொரு முறை புதுப்பிக்கும்போது, எல்லாம் ஒன்றாக மோதாதபடி 30 நிமிடம் வரை கூடுதலாகச் சேர்த்துக் கலைத்துவிடும். ஆனால் பூட் ஆகும்போதும் லாகின் போதும் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே அப்டேட், ஸ்கேன் எல்லாவற்றையும் ஸ்டார்ட்அப்பில் கட்டிவைக்காமல், டாஸ்க் ஷெட்யூலரில் ரேண்டம் டிலே கொடுத்துத் தள்ளிவிடுங்கள்.