ஒரு தேக்கரண்டி உணவில் 300 முட்டை: பழ ஈயை வைத்து ஒரு பரிசோதனை

வெள்ளவத்தையில் எங்கள் சமையலறைப் பழ ஈக்கள் பொடிசு. மாடிவீட்டு அக்காவின் ஈக்கள் நல்ல பருமன். "இது பரம்பரைதான்" என்று அடித்துச் சொன்னேன். பிறகு பார்த்தால் எங்கள் போத்தலில் குடம்பிகள், அதாவது முட்டையிலிருந்து வரும் புழுக்கள், நெரிந்து கிடந்தன. நீங்கள் அந்தப் பிழையை விடாமல் இருக்கத்தான் இந்தச் செய்முறை.

ஈ பிடிப்பது சுலபம். கனிந்த கோழிக்கூட்டு வாழைப்பழத்தை ஜாம் போத்தலில் போட்டு, வாயில் கடதாசிப் புனலைச் செருகினால் போதும். மசித்த வாழைப்பழம், காய்ச்சிய கடல்பாசி, சிட்டிகை ஈஸ்ட் கலந்து, சின்னப் போத்தல் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஊற்றி உறைய விடுங்கள்.

முட்டை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். பீட்ரூட் சாறு கலந்த கடல்பாசியைத் தட்டில் உறையவைத்து, முப்பது நாற்பது ஈக்களை அதன்மேல் ஓர் இரவு அடைத்து வையுங்கள். காலையில் சிவப்பின்மேல் அரை மில்லிமீற்றர் வெள்ளை முட்டைகள் தெரியும். ஈரத் தூரிகையால் ஒரு போத்தலுக்கு 30, மற்றதுக்கு 300 மாற்றுங்கள். 300 எண்ண அலுப்புத்தான். குத்துமதிப்பாகப் போட்டால் பரிசோதனையே இல்லை. வாயைப் பஞ்சால் அடைத்து, தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். கொழும்பு எறும்புகளை நம்ப முடியாது.

30 போட்டதில் பத்து நாள் அளவில் ஈ வெளிவரும். 300 போட்டதில் சாப்பாடும் குறைவு, கழிவாகச் சேரும் அமோனியாவும் கூட. அதனால் பிந்தி, சின்னதாக, முட்டைக் கணக்கோடு பார்த்தால் குறைவாகவே வரும். சின்னப் பெண் ஈ இடும் முட்டையும் குறைவு. தகுதி என்று உயிரியலில் சொல்வது இதைத்தான்: பிழைத்து, எத்தனை பிள்ளைகளை விட்டுச் செல்கிறது என்பது.

சரி, பரம்பரை எங்கே? இரண்டு வீட்டு ஈக்களையும் முதலில் ஒரு தலைமுறை நெரிசலில்லாமல் வளருங்கள். தாய் பட்ட பசி பிள்ளையில் தெரியக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் 30, 300 என்று மொத்தம் நான்கு போத்தல். ஒரே எண்ணிக்கையில் வீட்டுக்கு வீடு தெரியும் வித்தியாசம் பரம்பரையைக் காட்டும். 30இல் முந்திய வீடு 300இல் பிந்தினால் இன்னும் சுவாரசியம்.

பரம்பரையைச் சுமக்கும் இழையான நிறமூர்த்தத்தைப் பார்க்கப் பாடசாலை நுணுக்குக்காட்டி வேண்டும். போத்தல் சுவரில் ஏறும் கொழுத்த குடம்பியின் உமிழ்நீர்ச் சுரப்பியை உப்புநீரில் பிரித்தெடுத்து, சாயமிட்டு, மூடுகண்ணாடியால் நசுக்குங்கள். 30 போத்தலிலிருந்தே எடுங்கள்; பட்டினிக் குடம்பியில் நிறமூர்த்தம் மெலிந்து, அதன் குறுக்கே ஓடும் பட்டைகள் தெளியாது. நெரிசல் பட்டைகளின் வரிசையை மாற்றுவதில்லை, எந்த வரிசைக்காரர் பிழைப்பார் என்பதைத்தான் மாற்றக்கூடும். சோடி நிறமூர்த்தங்களில் ஒன்றில் மட்டும் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், இரண்டும் பொருந்தும்போது வளையமாகத் தெரியும். 1940களில் மரபியலாளர் டொப்சான்ஸ்கி வேறோர் இன ஈயைக் கூட்டில் வளர்த்தபோது, இரண்டு வகை வரிசையும் கலந்த ஈக்கள் 25 பாகை வெப்பத்தில் முந்தின. 16 பாகையில் அந்த மேல்கை இல்லை. எங்கள் கொழும்பு வெயிலில் என்ன வரும் என்று, நான்கு போத்தலையும் ஒரே அலுமாரியில் வைத்துப் பாருங்கள்.